மாஸ்டர் மறந்த சுவர்

காலை ஒன்பதரை மணி. காத்திருப்பறையில் பதினோரு பேர். முதலில் கூப்பிடப்பட்டவர் மாஸ்டர்.

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் வீட்டிலும் அவர் மாஸ்டர்தான். அங்கே பட்டம் மட்டும், அதிகாரம் கிடையாது. வலிக்கும் நினைவுகளை அழித்துத் தரும் அந்த மருத்துவமனைக்கு அவர் மனைவியை அழைத்து வந்திருந்தார். பழைய விபத்து ஒன்று அவளை வாட்டி வதைப்பதாக டாக்டரிடம் முன்பே சொல்லியும் வைத்திருந்தார். வதைத்தது உண்மை. வதைபட்டது யார் என்பதில்தான் சின்னத் திருத்தம்.

எட்டு வருடமாக எந்தச் சண்டையிலும் மாஸ்டர் ஜெயித்ததில்லை. நியாயம் அவர் பக்கம் சாயும்போதெல்லாம் மனைவி அந்த விபத்தை எடுத்து நடுவில் வைப்பாள். ஆட்டம் முடிந்துவிடும்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒரு நினைவை முழுசாகக் கிளறும்போது அது ஈரச் சிமென்ட் மாதிரி இளகும். அந்த நேரத்தில் மாத்திரை போட்டால் மறுபடி இறுகாது. ஆனால் நினைவு யாருடையதோ அவர் சம்மதம் வேண்டும். அடுத்தவர் தலையைத் துடைக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த தர்மத்தை மாஸ்டர் பலமாக ஆமோதித்தார்.

மனைவி சொல்ல ஆரம்பித்தாள். தன் தம்பி புது கார் வாங்கியது, ரிவர்ஸ் எடுப்பது ஒரு கலை, எல்லாரும் தள்ளி நின்று பாருங்கள் என்று மாஸ்டர் ஏறி உட்கார்ந்தது, பிரேக் என்று நினைத்து வேறொன்றை மிதித்தது, கார் சமையலறைச் சுவரை உடைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒன்றையும் விடவில்லை.

"எங்கம்மா கையில கரண்டியோட திரும்பிப் பார்த்தாங்க டாக்டர். 'வாங்க மாப்ள, வாசல் வழியாவே வந்திருக்கலாமே'ன்னாங்க."

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அவசியமே இல்லாமல் துடைத்தார்.

"இது உங்களுக்கு வலிக்குதாம்மா?"

"எனக்கா? சொல்லச் சொல்ல இனிக்குது. இதோ வேர்த்துக் கொட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, இவருக்குத்தான் வலி." கணவன் பக்கம் குனிந்தாள். "ஏங்க, நீங்களே போட்டுக்குங்களேன். அப்புறம் நான் என்ன சொன்னாலும் உங்களுக்குச் சுடாதே."

கேட்டுக்கொண்டிருந்ததிலேயே அவருக்கும் நினைவு இளகியிருக்கும் என்றார் டாக்டர். மாஸ்டர் யோசித்தார். ஆயுதம் அவள் கையில் இருந்தாலும் அடி இனி தன்மேல் விழாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏமாந்தது இதுதான் முதல் தடவை என்று உள்ளுக்குள் பூரித்தார்.

"வலி போனா, அது கத்துக்கொடுத்த பாடமும் போயிடும், பரவாயில்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"பாடத்தை நான் பத்திரமா வெச்சுக்கறேன் டாக்டர்," என்றாள் மனைவி.

மாஸ்டர் மாத்திரையை முழுங்கினார்.

அடுத்த வாரம் மச்சினன் வீட்டு விருந்தில் அவள் அதே கதையைச் சொன்னாள், ஆள் யாரென்று மட்டும் சொல்லாமல். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்த உறவுக்காரர்கள் இந்தத் தடவை கதையைக் கேட்கவில்லை; மாஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"யாரு அந்த ஆளு? முதல்ல அவன் லைசென்ஸைப் பிடுங்கணும்."

"நமக்கு வேண்டப்பட்டவர்தாங்க."

ஜூன் ஒன்பதாம் தேதி மச்சினன் இன்னொரு புது கார் வாங்கினான். ரிவர்ஸ் எடுப்பது ஒரு கலை என்று சொல்லி மாஸ்டர் சாவியை வாங்கிக்கொண்டார். மாமியார் அடுப்பை நகர்த்தி வைத்தார்.