மாப்பிள்ளை பெயர் முப்பத்திரண்டு கட்டத்தில் அடங்காது

புதுதில்லி,
திங்கட்கிழமை.

அன்புள்ள மருமகன் டேவிட்சனுக்கு மாமா சுவிசேஷமுத்து எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அத்தையும் சுகம். நேற்று ஆராதனை தொடங்கும்வரை இன்னும் சுகமாக இருந்தோம். காலையிலிருந்து நீ போனை எடுக்காததால் இந்தக் கடிதம். தில்லியில் பிறந்த உனக்குத் தமிழ் எழுத்து தகராறு. உன் அம்மாவை, அதாவது என் தங்கையை, உட்காரவைத்து வாசிக்கச் சொல்.

என் மகள் ஜோஸ்லின் கல்யாணத்துக்கு இன்னும் பதினேழு நாள். சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் விவாகம் என்று அறிவித்தால்தான் போதகர் தாலியைத் தொடுவார். முதல் இரண்டு ஓலை என் கையெழுத்தில் போனது, பழுதில்லை. மூன்றாவதை நீ சபைக்கு எழுதிக்கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராமில் அச்சடித்தோம். மாப்பிள்ளை ஜெபசிங் ப்ரசன்னா, ‘ஜெபசிங் ப்ர’ என்று வந்து நின்றான். நானோ ‘சுவிசேஷமுத’, பின்னால் ஒரு கறுப்புக் கேள்விக்குறி. அத்தை இன்பராணி மட்டும் முழுசாக வந்தாள், நேற்றிலிருந்து வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம். பெயர் முழுசாக இல்லாத ஓலை ஓலையே இல்லை, திரும்ப வாசிக்க வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். அது போகட்டும், வாசலில் ஒரு அம்மா சொல்கிறாள்: “முறைமாப்பிள்ளைல்லா புரோகிராம் எழுதினது? வயித்தெரிச்சல்ல பேர வெட்டிட்டான்!” நான் நம்பவில்லை, முக்கால்வாசி. ஆனால் சம்பந்தி வீட்டார் காதில் விழுந்துவிட்டது.

நேற்றே போனில் கேட்டேனே, என்ன சொன்னாய்? “மாமா, ஒரு பேருக்கு முப்பத்திரண்டு கட்டம், ஃபிக்ஸ்டு அரே, நீளாது. உங்க பேரை இங்கிலீஷ்ல அடிச்சு டெஸ்ட் பண்ணேன், பதினாலுதான், அச்சா வந்துச்சு. தமிழ்ல ஒரு எழுத்து மூணு கட்டம் சாப்பிடும்னு தெரியாது.” டைனமிக் ஸ்ட்ரிங் வைத்தால் பெயருக்குத் தக்கபடி நீளுமாமே, அதை வையேன் என்றால், “சர்ச் கம்ப்யூட்டர் பழசு மாமா, மெமரியில இடத்தை வாங்கித் திருப்பிக் குடுக்க மறந்தா தொங்கிடும்” என்கிறாய். தொங்கட்டுமே! ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நாம் டப்பாவையா தூக்கிக்கொண்டு போகிறோம்? துணிப்பைதானே, வாங்கியது எவ்வளவானாலும் கொள்ளும். இன்னும் இரண்டே ஞாயிறுதான் பாக்கி. நீ மாற்றுகிறாய். மாற்றாவிட்டால் முனிர்காவில் உன் வீட்டு வாசலில் வந்து உட்காருவேன், மாற்றும்வரை எழுந்திருக்க மாட்டேன். பெயருக்கு அளவு வைக்க நீ யாருலே? மனுஷன் பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவும் வரவேண்டும், ஒரு புள்ளி குறையக்கூடாது.

உன் வேலையிலும் வெளியே போவதிலும் வருவதிலும் கர்த்தர் காவலாக இருப்பாராக. அத்தை உன்னைச் சாப்பிட வரச் சொன்னாள்.

இப்படிக்கு,
முழுப் பெயருள்ள மாமா,
சுவிசேஷமுத்து.

பி.கு.: இன்று ஞாயிறு. கடிதம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. ஜோஸ்லின் கேட்டதும் நீ வெள்ளிக்கிழமையே மாற்றிக் கொடுத்துவிட்டாயாம், சந்தோஷம். அளவே கிடையாது என்றதும் சபைச் செயலாளராகிய நானே உட்கார்ந்து அடித்தேன். கை சும்மா இருக்குமா? ‘நாசரேத் காலஞ்சென்ற உபதேசியார் அவர்களின் மூத்த பேரனும், முப்பத்தோரு வருஷம் அப்பழுக்கின்றி உழைத்து ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரும்’ என்று தொடங்கி என் பெயர் ஒன்றே ஒன்றரைப் பக்கம். போதகர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பதினோரு மணிக்கு இந்தி ஆராதனைக்காரர்கள் டோலக்கோடு உள்ளே வந்துவிட்டார்கள். மணப்பெண்ணின் தகப்பனோடு ஓலை நின்றுபோனது. மாப்பிள்ளையின் ‘ஜெ’கூட வரவில்லை. ஜோஸ்லின் அழுதுகொண்டிருக்கிறாள். இனி ஒரே ஒரு ஞாயிறுதான். மாப்பிள்ளைக்குத் துணிப்பையே இருக்கட்டும், மருமகனே. எனக்கு அந்தப் பழைய டப்பாவையே வைத்துவிடு. ‘சுவிசேஷமுத’ போதும்.