கொள்கையாளர் உட்கார்ந்த சீட்

ஊருக்கு நாலு கொள்கையாளர்கள் இருப்பார்கள். எங்கள் கோலார் தங்கவயலில் கொஞ்சம் கூடுதல். கொள்கையை மனசுக்குள் பூட்டி வைத்திருக்கும் சாதுக்களைச் சொல்லவில்லை. அதை வெளியே எடுத்து, அன்றாடம் புழங்கி, அடுத்தவர் காலில் போடுகிறவர்களைச் சொல்கிறேன்.

சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருக்கும் சௌந்தரராஜனைப் பாருங்கள். எளிமை அவர் கொள்கை. ஆகவே அவர் மனைவி மமதா இன்றும் கல்லில்தான் துணி துவைக்கிறார். மௌனம் அவர் கொள்கை; ஆகவே அவர் பேசும்போது வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. கொள்கைக்காக அவர் எதையும் இழந்ததில்லையா? ஏன், நண்பர்களையெல்லாம் இழந்திருக்கிறாரே!

போன திங்கட்கிழமை, காலை பெங்களூர் ரயில். அதே பகுதி ரவிகுமாரின் மனைவி இந்துவுக்கு ஏழு மாதம், பெங்களூரில் ஸ்கேன். ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ரயில் புறப்படும் மாரிக்குப்பத்துக்கே போய், எல்லாரும் செய்கிற மாதிரி கர்ச்சீப் விரித்து ஒரு சீட் பிடித்தான் ரவிகுமார். அடுத்த ஸ்டேஷனான சாம்பியன் ரீப்ஸில் இந்துவைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டு திரும்பினால், சீட்டில் சௌந்தரராஜன். கர்ச்சீப்பை அழகாக மடித்து நீட்டினார்.

“பொது ரயில்ல துணி போட்டு எடம் புடிக்கிறது அநியாயம், தம்பி.”

“ஏழு மாசம் சார்.”

“கருணை வேற, கொள்கை வேற. இன்னிக்கு உனக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும்.”

“இன்னா சார் இது! நாளைக்கு எல்லாருமா மாசமா இருக்கப் போறாங்க?”

பெட்டியே சிரித்தது. சிரித்ததே தவிர, யாரும் அசையவில்லை.

எதிர் சீட்டிலிருந்து வெங்கடம்மா எழுந்தாள். பெங்களூர் அபார்ட்மென்டில் நாளெல்லாம் நின்று பெருக்கித் துடைக்கிறவள். “வாம்மா, இங்க குந்து. அவரு கொள்கைய மடியில வெச்சிருக்காரு. எழுந்தா வுழுந்துடும்.”

சௌந்தரராஜன் கோபப்பட்டாரா? நெகிழ்ந்தார். “பாத்தீங்களா? நான் உறுதியா இருந்ததாலதான் இந்தம்மாவோட நல்ல மனசு வெளிய வந்துச்சு!”

நீங்கள் அவரைத் திட்டுவது கேட்கிறது. நன்றாகத் திட்டுங்கள். அந்தப் பெட்டியில் எல்லாரும் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தார்கள், பெங்களூர் வரை, உட்கார்ந்தபடியே. வெங்கடம்மா நின்றுகொண்டு வந்தாள். அடுத்தவர் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

உங்களுக்கு ஜன்னல் ஓரம் காற்று நன்றாக வந்ததா?