ஒரு சாய்ந்த கோடும் பூப்போட்ட நைட்டியும்

முன்பக்கம் சாயும் கோட்டின் மேல் எனக்குப் பகையில்லை. பின்பக்கம் சாயும் கோடு இருக்கிறதே, கீபோர்டில் என்டருக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்குமே, அதைப் பார்த்தால் இன்றைக்கும் பிடுங்கி எறியலாம் என்று ஆத்திரம் வருகிறது.

அண்ணன் அன்வருக்குக் கல்யாணம். மாமல்லபுரத்தில் மண்டபம், மத்தியான விருந்து. நான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, புதுப்பட்டினத்தில் அத்தாவின் ஜவுளிக்கடைக் கம்ப்யூட்டரை ஆண்டுகொண்டிருந்த காலம். (ஆண்டேன் என்றால், வேறு யாரையும் தொடவிடவில்லை.) மணமக்களின் சின்ன வயதுப் படங்களைப் பெரிய திரையில் ஓட்டிக் காட்டுவதாக நானே வாயைக் கொடுத்தேன். அதற்கு இலவசமாக ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று அதன் செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். D:\pics என்று எழுதினேன். வீட்டில் ஜம்மென்று ஓடியது.

கடைக் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். அங்கே வந்து சேர்ந்தார் பெண்ணின் அண்ணன் ரஃபி. மறைமலைநகரில் இன்ஜினியர்.

"இன்னாம்மா, மூலைல 'pics'னு பேரு வருது? நல்லாவா கீது? நிக்காஹ், தாஹிரான்னு எங்க பொண்ணு பேரு வர்ற மாதிரி மாத்து."

"வேணாம் மச்சான். ஓடிக்கினு இருக்கறத தொட்டா பேஜாரு."

"ஒரு பேர மாத்த தெரியாதா? கம்ப்யூட்டர் படிச்சேன்ற?"

அந்தக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. nikah என்று ஒரு ஃபோல்டர் போட்டு, படங்களை அதற்குள் tahira என்ற ஃபோல்டரில் வைத்து, ஃபைலில் D:\nikah\tahira என்று எழுதினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. (ரோஷம்.)

அந்த சாஃப்ட்வேரை எழுதிய மகானுபாவர், பின்சாய்ந்த கோட்டுக்கு அடுத்து n வந்தால் 'அடுத்த வரிக்குப் போ' என்றும், t வந்தால் 'தள்ளிப் போ' என்றும் அர்த்தம் வைத்திருந்தார். p-க்கு ஒரு அர்த்தமும் இல்லை. அதனால்தான் வீட்டில் பிழைத்தேன். கோட்டை இரட்டையாகப் போட்டிருந்தால் தொல்லையே இல்லை. இந்த அரிய உண்மையை ஹெல்ப் பக்கத்தின் அடிமூலையில் எழுதியிருந்தார், படுபாவி.

போகட்டும். ஃபோல்டர் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாமா? அது சொல்லாது. தான் குடியிருக்கும் ஃபோல்டரில் என்ன படம் இருக்கிறதோ அதை எடுத்துக் காட்டும். அது குடியிருந்தது கடை ஃபோல்டரில். அங்கே இருந்தவை, பெருநாள் விற்பனை நோட்டீஸுக்காக நான் எடுத்த நைட்டி படங்கள். கடையில் பொம்மை இல்லாததால் ஒவ்வொரு நைட்டியையும் அண்ணனுக்கு மாட்டிவிட்டு எடுத்திருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் மாப்பிள்ளை, பூப்போட்ட ஊதா நைட்டியில், கைகளை விரித்துக்கொண்டு. மேடையிலும் மாப்பிள்ளை, ஷெர்வானியில். சனம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. அடுத்தது மஞ்சள். அதற்கடுத்தது லேஸ் வைத்தது.

"நிறுத்துடி!" என்று மேடையிலிருந்து அலறினான் அண்ணன்.

பதற்றத்தில் கைக்குக் கிடைத்த ஒயரைப் பிடுங்கினேன். அது பாட்டுப் பெட்டியின் ஒயர். மண்டபம் நிசப்தமானது. படம் மட்டும் ஓடியது.

"எங்க பொண்ணு போட்டோல்லாம் எங்க?" என்றார் ரஃபி.

"நீங்க வெக்க சொன்ன பேருதான் முழுங்கிடுச்சு! போய் அதையே கேளுங்க!" என்று கத்தினேன். கடைசி வரிசைவரை கேட்டது. அத்தா தலையில் கைவைத்துக்கொண்டார்.

தாஹிரா அண்ணியின் தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறார் என்று பெண் வீட்டார் ஓடினார்கள். அண்ணி முக்காட்டை விலக்கி, மூச்சுவாங்க, "அந்த ஊதா இன்னும் கடைல கீதா?" என்று கேட்டார். அப்புறம் மண்டபத்தை யாராலும் அடக்க முடியவில்லை.

அண்ணன் என்னோடு பேச வெகுநாளானது. ரஃபி மச்சானோ, இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், பிரியாணி சஹன் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும், "மாப்ள, நைட்டி எப்போ போடுவீங்க?" என்று குரல் கொடுக்கிறார். பிள்ளைகள்கூட உருண்டு சிரிக்கிறார்கள். சிரிக்காதவர்கள் நானும் அண்ணனும்தான். அவன்கூட இப்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பிக்கொள்கிறான், துரோகி.