பீச் பழமும் யோர்தான் தண்ணீரும்

அந்த ஞாயிறு அமெரிக்காவின் தெற்கு மெம்ஃபிஸில், தேவாலய வாசலில் கார் நிறுத்த இடமில்லை. தீர்க்கதரிசி சைரஸ் மெரிவெதர், யோர்தான் நதித் தண்ணீரால் பிள்ளைகளின் சர்க்கரை நோயைக் கழுவிவிடுகிறாராம். கழுவுவது இலவசம். பாட்டிலுக்குத்தான் விலை.

முன்வரிசையில் ஒடெட்டா. உயிரியல் பட்டதாரி. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் வேர்த்துவிடும். போன வாரம் தங்கை ஜோனெல்லின் சர்க்கரை கண்ணெதிரே இறங்கியதைப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரில் என்ன தாது இருக்கும் என்று மூளையைக் கசக்கியவள். ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டாள். படித்தவள் ஏமாந்தால் அடிக்குறிப்போடு ஏமாறுவாள்.

நடைமுறை இதுதான். உரித்த பீச் பழத்தைப் பிள்ளைகள் பாட்டு முடியும்வரை கையில் ஏந்த வேண்டும். தின்னக் கூடாது, காணிக்கை. பிறகு விரலில் குத்தி மீட்டரில் பார்த்தால் நானூறு. சபை ஐயோ என்னும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஜெபித்து, மறுபடி குத்தினால் நூற்று நாற்பது. சபை அல்லேலூயா என்னும்.

இன்று தீர்க்கதரிசி அதற்கும் மேலே ஒரு படி போனார்.

"விசுவாசம் இருக்கறவங்க இன்சுலினை இந்தக் கூடையில போடுங்க!"

அம்மா வெர்னெல் கைப்பையைத் திறந்தாள்.

"ஊசி இல்லாம நான் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேம்மா," என்றாள் ஜோனெல்.

"சும்மா இருடி. ஆஸ்பத்திரியில என்ன கிழிச்சாங்க? சர்க்கரையை அளக்கக் கையில ஒட்டற கருவியை வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கு முதல் நாளே எழுதிக் குடுத்தாங்க. நம்மகிட்ட மட்டும் 'உங்க குடும்பத்தால பராமரிக்க முடியாது'ன்னாரு டாக்டர். மீட்டரைக்கூடப் பார்க்கலை. என் கறுப்பு மூஞ்சியைப் பார்த்தே சொல்லிட்டாரு. இவராவது பிள்ளையைத் தொட்டுப் பேசறாரு."

கூடை நகர்ந்து வந்தது. ஒடெட்டா பதறினால் நகம் கடிப்பாள். கடித்தாள். இனித்தது.

பாட்டின்போது ஜோனெல்லின் பழத்தைக் கொஞ்ச நேரம் அவள்தான் பிடித்திருந்தாள்.

மீட்டரை எடுத்துத் தன் விரலில் குத்தினாள். முந்நூற்றெண்பது. தனக்கும் நோய் வந்துவிட்டதென்று ஒரு நொடி நம்பினாள், தாகம்கூட எடுத்தது. கழிப்பறைக்கு ஓடிக் கை கழுவித் துடைத்து மறுபடி குத்தினாள். தொண்ணூறு.

ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அம்மாவின் கை கூடைக்கு மேலே இருந்தது.

"ஐயா! உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" வேர்த்துக் கொட்டியது.

"ஆண்டவர் கிருபையால கிடையாது மகளே."

"அப்ப இந்தப் பழத்தைக் கொஞ்சம் பிடிங்க."

சபையே பார்க்கிறது. பிடித்தார். ஜோனெல் அவர் விரலில் குத்தினாள், கொஞ்சம் ஆழமாகவே. நானூற்றுப் பத்து.

"ஐயையோ, தீர்க்கதரிசிக்கே வந்துருச்சே!" என்றது ஒரு பின்வரிசைக் குரல்.

ஒடெட்டா கோப்பைத் தண்ணீரால் அவர் கையைக் கழுவித் துடைத்தாள். ஜோனெல் மறுபடி குத்தினாள். தொண்ணூற்றைந்து.

"பாத்தீங்களா யோர்தான் மகிமையை!" என்று முந்திக்கொண்டார் அவர்.

"இது கழிப்பறைக் குழாய்த் தண்ணிங்கய்யா. விரல்ல பழச்சாறு இருந்தா மீட்டர் அதையும் சேர்த்து அளக்கும். அவ்வளவுதான்."

முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கூடையை நோக்கி ஓடினார்கள், அவரவர் இன்சுலினை எடுக்க. தீர்க்கதரிசி பின்வாசல் பக்கம் ஜெபிக்கப் போனவர், போனவர்தான்.

காரில் ஜோனெல் கேட்டாள்: "உன் கட்டுரை எப்பக்கா வருது?"

"வாயை மூடு."

"டாக்டர் நம்மால முடியாதுன்னப்பவும் நீதானே தலையாட்டின?"

டாக்டர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். ஒடெட்டாவுக்கு அதுவே போதுமான ஆதாரமாக இருந்திருக்கிறது.

மறுநாள் அந்த டாக்டரின் அறையில் அவளுக்கு மறுபடி வேர்த்தது. ஆனாலும் கேட்டாள்: "எங்களால முடியாதுன்னு எந்த மீட்டர்ல பார்த்தீங்க, டாக்டர்?"

அவர் இருமினார். கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் கருவிக்கு எழுதிக் கொடுத்தார்.

முகத்தைப் பார்த்துப் பலன் சொல்பவர் அங்கி போட்டாலும் ஜோசியர்தான், கோட்டுப் போட்டாலும் ஜோசியர்தான். தலையாட்டும் முன், தயவுசெய்து, கையைக் கழுவிவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள்.