அண்ணன் எழுதிய சிபாரிசு

கல்லூரி முடித்த தங்கைக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்த செய்தி கிடைத்தபோது, அவன் பன்னிரண்டாம் மாடிக்கும் பதின்மூன்றாம் மாடிக்கும் நடுவில், நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் குந்தியிருந்தான். கூரைக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்த பல் டாக்டர் ஒருவர், இன்னும் எவ்வளவு நேரம் என்று ஐந்தாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனில் மனைவி.

“என்னங்க, உங்க தங்கச்சிக்கு வேலை கிடைச்சிடுச்சு. வெளிநாடும் கிடைச்சிடுச்சு.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான். ஆனா ஒண்ணைத்தான் எடுத்துக்க முடியும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். அண்ணன் வந்து சொல்லட்டும்னு உக்காந்திருக்கா.”

ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்தவன், ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டை இறுக்கினான். அது ஏற்கெனவே நன்றாக இறுகியிருந்த நட்டு. அதை மறுபடி தளர்த்த இன்னொரு கால்மணி நேரம் ஆனது. பல் டாக்டர் கேட்பதை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தார்.

அவன் கல்லூரி முடித்த மறுவாரமே லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தவன். எட்டு வருடங்களில் அவன் ஏறி இறங்கிய தூரத்தைப் படுக்கைவாட்டில் போட்டிருந்தால் பாதி உலகத்தைப் பார்த்திருக்கலாம். செங்குத்தாகப் போட்டதால், எங்கே கிளம்பினானோ அங்கேயே இருந்தான்.

வீட்டில் இரண்டு கடிதங்களும் சாப்பாட்டு மேசைமேல் இருந்தன. ஒன்று, ஆஸ்பத்திரிகளுக்குச் சக்கர நாற்காலியும் கட்டிலும் செய்கிற கம்பெனியிடமிருந்து. வடிவமைப்புப் பிரிவில் வேலை, அடுத்த மாதம் முதல் தேதி சேரவேண்டும். இன்னொன்று, மலைப்பாதைகளைச் செப்பனிடும் ஒரு வெளிநாட்டுச் சங்கத்திடமிருந்து. ஆறு மாதம், மூன்று நாடுகள். தங்குமிடமும் சாப்பாடும் அவர்களுடையது, டிக்கெட் மட்டும் நாம் வாங்கவேண்டும். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அதற்குப் போதும் என்று தங்கை சொன்னாள்.

“நீ என்ன சொல்ற அண்ணா?”

கடிதத்தின் மூலையில் ஒரு மலையின் படம் அச்சாகியிருந்தது. தபால்தலை அளவுதான் இருக்கும். அவனுக்கு அது சுவர் அளவுக்குத் தெரிந்தது. அந்த மலைமேல் தங்கை நின்று கை ஆட்டுவதும், தான் லிஃப்டின் கூரைமேல் நின்று அதைப் போனில் பார்ப்பதும் தெரிந்தன. வயிற்றில் ஏதோ எரிந்தது. மதியம் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மலை எங்கேயும் ஓடிவிடாது, வேலைதான் ஓடிவிடும் என்று பொறுப்பான அண்ணனாகப் பேசினான். இருபது நிமிடம் பேசினான். தங்கை கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

“சரி அண்ணா. வேலைக்கே போறேன்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

மறுநாள் காலை, காப்பி குடிக்கும்போது, தங்கை அந்த வேலையைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. வீட்டு வாசலுக்கே ஏசி பஸ் வருமாம். சனிக்கிழமை விடுமுறையாம். ஜன்னலோரமாகத் தனி மேசை, சுழலும் நாற்காலி.

எட்டு வருட வேலையில் கம்பெனி அவனுக்கு இதுவரை ஒரு முக்காலிகூடத் தந்ததில்லை. உட்கார வேண்டுமென்றால் கருவிப்பெட்டிமேல்தான் உட்காருவான். அதிலும் ஒரு பக்கம் பள்ளம்.

காப்பி ஆறுவதற்குள் அவன் மனம் மாறிவிட்டது. தங்கையைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது, காலில் தெம்பு இருக்கும்போதே ஊர் உலகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றான்.

“சரி அண்ணா. வெளிநாட்டுக்கே போறேன்.”

மத்தியானம் எட்டாம் மாடியில் கேபிளுக்கு எண்ணெய் போடும்போது மறுபடி மலை வந்து நின்றது. சாயங்காலம் வேலைக்கே போ என்றான். இரவுச் சாப்பாட்டில் எதற்கும் யோசி என்றான். தங்கை எல்லாவற்றுக்கும் சரி அண்ணா என்றாள். அவள் எதை எடுத்தாலும் இவனுக்கு எரிந்தது. எதையும் எடுக்காமல் இருந்தால் எரியாது என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டியது. சீ, என்ன நினைப்பு இது என்று அதை விரட்டினான். அது வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

புதன்கிழமை காலை, மனைவி அவனுடைய காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“அந்தக் கட்டில் கம்பெனிக்காரங்க ரொம்பக் கறாராம். தேதியைத் தள்ளிப் போடுங்கன்னு யாராவது வாயைத் திறந்தா, அந்த நிமிஷமே பேரை அடிச்சிடுவாங்களாம்.”

“அப்படியா?” என்றான் அவன், அக்கறை இல்லாதவன்போல.

பத்து மணிக்கு, ஒரு துணிக்கடையின் லிஃப்டைத் திறந்து போட்டுவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தான். தான் பெண்ணின் அண்ணன் என்றும், குடும்பச் சூழ்நிலை காரணமாக அவள் ஆறு மாதம் கழித்துத்தான் சேரமுடியும் என்றும் கடுகடுப்பாகவே சொன்னான். பேரை அடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

பேசிய அதிகாரி ஒரு பெண்மணி. அவர் பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு.

“ரொம்ப நன்றி சார். எங்க புதுக் கட்டடம் முடிய இன்னும் ஆறு மாசம் ஆகும். யாரை எங்க உக்கார வைக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருக்கோம். உங்க தங்கச்சிகிட்ட இன்டர்வியூவிலேயே லேசாச் சொன்னேன்.”

“அப்ப அவளே கேட்டிருக்கலாமே?”

“சேர்றவங்களே கேட்டா ஆர்வம் இல்லைன்னு ஃபைல்ல எழுதிடுவாங்க சார். வீட்டுப் பெரியவங்க கேட்டா, பொறுப்பான குடும்பம்னு எழுதுவாங்க. இன்னிக்கே புதுத் தேதி போட்டு அனுப்பறேன். ஜன்னலோர மேசை அவங்களுக்குத்தான்.”

கீழே லிஃப்டுக்காகக் காத்திருந்தவர்கள் படியேறி வந்து அவனைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

வீட்டில் அன்று அவனுக்கு ராஜமரியாதை. எங்க அண்ணனை மாதிரி யார் இருப்பார்கள் என்று தங்கை தோழிகளிடம் போனில் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான். வேலை ஆறு மாதம் காத்திருக்கும். அந்த ஆறு மாதமும் மலை. ஒன்றைத் தடுக்கப்போய் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அந்த வெளிநாட்டுச் சங்கம் அனுப்பிய படிவம். வீட்டில் ஒருவர் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் இடம் உறுதியாகும்.

“நீங்கதான் எழுதணும். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது,” என்றாள். போகிற போக்கில், “நல்லதை மட்டும் எழுதுங்க. சின்னக் குறை இருந்தாலும் வேண்டாம்னுடுவாங்களாம்,” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அவன் பேனாவைத் தேடினான்.

பொய் எழுதக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தான். பொய்க்குத் தேவையும் இருக்கவில்லை. இருபத்தொரு வருடச் சரக்கு கையில் இருந்தது. என் தங்கை பிடிவாதக்காரி, என்று தொடங்கினான். ஒன்றைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டாள், மழை பெய்தாலும் வெளியே போவாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மற்றவர்களையும் எழுப்பிவிடுவாள். தட்டில் எதைப் போட்டாலும் ருசி பார்க்காமல் விழுங்குவாள். அலமாரி ஓர் அங்குலம் கோணலாக இருந்தாலும் பிரித்துத் திரும்ப மாட்டாமல் தூங்கமாட்டாள், அந்த வேலைக்கு என் ஸ்பேனரைக் கேட்காமல் எடுப்பாள். பெரியவர்கள் தப்பாகச் சொன்னால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கடைசியாக, இவளோடு ஒரே அறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவன் என்ற முறையில் உங்களை எச்சரிக்க வேண்டியது என் கடமை என்று முடித்து, அடியில் கோடு போட்டு, போனில் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினான்.

வியாழக்கிழமை அவன் விசிலடித்துக்கொண்டே வேலை செய்தான்.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் பதில் வந்தது. தங்கை சத்தமாக வாசித்தாள். எல்லா வீட்டிலிருந்தும் புகழ்ந்து எழுதிய பக்கங்கள்தான் வருகின்றன, அவற்றை நாங்கள் வாசிப்பதே இல்லை. முதல்முறையாக ஓர் உண்மையான பக்கம் வந்திருக்கிறது. அதிகாலையில் எழுந்து, மழையில் வேலை செய்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, கோணலைப் பொறுக்காத ஆளைத்தான் மூன்று வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தோம். உங்களைக் குழுத் தலைவியாக நியமிக்கிறோம். குழுத் தலைவிக்கு விமான டிக்கெட் எங்கள் செலவு.

“நீ என்னண்ணா எழுதின?” என்று தங்கை கேட்டாள்.

“மனசுல பட்டதை எழுதினேன்,” என்றான் அவன். அது சத்தியமான வார்த்தை.

கடைசி நம்பிக்கை அம்மா. அம்மா தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மலைகளில் எப்படிப்பட்ட குளிர் என்று விவரித்தான். மூச்சு விட்டால் புகையாகும், காது மரத்துப்போகும், பெண் பிள்ளை எப்படித் தாங்குவாள் என்று தெரியவில்லை என்றான். அம்மாவின் கண்கள் கலங்கின. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அம்மா எழுந்துபோய், பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு கோட்டை எடுத்துவந்தாள்.

தடிமனான, கரும்பச்சைக் கோட்டு. கல்லூரிக் கடைசி வருடத்தில், நண்பர்களோடு வெளிநாடு போவதாக இருந்தபோது அவன் ஆசை ஆசையாக வாங்கியது. பிறகு லிஃப்ட் கம்பெனியின் கடிதம் வந்தது. கோட்டு பீரோவுக்குள் போனது.

“இது என்னோடதும்மா.”

“உனக்கு எதுக்குடா இது? லிஃப்டுக்குள்ள என்ன குளிரா அடிக்குது?”

அதற்குள் தங்கை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கை மட்டும் கொஞ்சம் நீளம். மடித்துவிட்டுக்கொண்டு திரும்பினாள். அவளுக்கு அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அதைப் பார்த்து வந்தது எரிச்சலா பாசமா என்று அவனால் பிரித்துச் சொல்லமுடியவில்லை.

“நல்லா இருக்கு,” என்றான். “காலரைத் தூக்கிவிட்டுக்கோ. காத்து அங்கதான் நுழையும்.”

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் விமான நிலையத்துக்குப் போனார்கள். உள்ளே போகுமுன் தங்கை ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ இல்லைன்னா எனக்கு ரெண்டுல ஒண்ணுதான் கிடைச்சிருக்கும் அண்ணா.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கரும்பச்சைக் கோட்டு சிறிதாகி, கூட்டத்தில் கலந்தது. அம்மா அழுதாள். அவனும் அழுதான். பார்த்தவர்கள் பாசமலர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா முன் சீட்டில் தூங்கிப்போனாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். தங்கை கையைப் பிடித்த இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் தாங்கமுடியாமல் மனைவி பக்கம் திரும்பினான்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவமேல இருக்கற பாசத்துல நான் எதையும் செய்யலை. போனும் சரி, எழுதின பக்கமும் சரி. எல்லாத்தையும் கெடுக்கணும்னுதான் செஞ்சேன். முழுக்க முழுக்கப் பொறாமை.”

சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டான். திட்டுவாள், அல்லது அழுவாள், அல்லது வீடு வரும்வரை பேசமாட்டாள் என்று எதிர்பார்த்தான்.

மனைவி கைப்பையைத் திறந்து டிக்கெட்டைப் பத்திரமாக வைத்து மூடினாள்.

“அதை நம்பித்தானேங்க நானும் உங்க தங்கச்சியும் இதுல இறங்கினோம்? அடுத்த மாசம் என் தம்பிக்கும் காலேஜ் முடியுது, அவன் மேலயும் ஒரு வாரம் பொறாமைப்படுங்க.”