என் வீட்டுப் பெட்டிக்கு அனுமதி மறுத்தது யார்?

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் என் மகளும் நலமென்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கையால் எழுதக் காரணம், என் வகுப்புக்கு நீங்கள் அமைத்துக் கொடுத்த பெட்டி, வியாழனன்று மின்சாரம் போய் வந்ததிலிருந்து கிளம்ப மறுக்கிறது. பன்னிரண்டு கணினி, ஒரே ஒரு இன்டர்நெட் இணைப்பு. ஒரு பிள்ளை திறந்த பாடப்பக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் எடுத்துக் கொடுப்பதுதான் இதன் வேலை என்று விளக்கியவர் நீங்கள். இப்போது அது யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. நான் 'ஸ்டார்ட்' என்றால் அது 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. தன்னுடைய சேமிப்பு ஃபோல்டரில் தனக்கே எழுத அனுமதி இல்லையாம். மறுத்தது யார் என்று கேட்டால் மறுபடியும் அதே வரி. நாற்பது வருடம் வகுப்பறையில் நின்றவள், இந்த மாதிரி மழுப்பல் எனக்குப் பழக்கம்தான்.

கணினி பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். செருப்போடு உள்ளே வந்தார், பொறுத்துக்கொண்டேன்.

"பெட்டிக்குள்ள யாராச்சும் கை வெச்சீங்களாம்மா?"

"இந்த வீட்ல நான் ஒருத்திதான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது."

"அப்ப ஃபோல்டர எல்லாருக்கும் தொறந்து விட்டுர்றேன். யார் வேணா எழுதிக்கலாம். சண்டையே இல்ல."

"என் வீட்ல ஒரு அலமாரிகூட அப்படித் தொறந்து கெடந்ததில்ல. கன்னியாஸ்திரிங்ககிட்ட படிச்சவ நான்."

"அப்ப கன்னியாஸ்திரிங்களையே கூப்பிடுங்க" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்குள் உங்கள் மனைவி போனில், "நான் அப்பவே சொன்னேன்ல, வகுப்ப மூடிட்டு எங்ககூட வந்து இரும்மா" என்று ஆரம்பித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஆன்லைன் தேர்வு. அது நின்றால் வகுப்பும் நின்றது. நான் உங்கள் வீட்டுக்கே வந்துவிட நேரும். உங்கள் அலமாரிகளின் நிலைமையை நான் பார்த்திருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். தவறு நீங்கள் செய்த வேலையில்தான் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு, சரிசெய்யும் வழியை உடனே எழுதவும்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல ஆரோக்கியமும் சற்றே கூடுதல் கவனமும் அருளட்டும்.

ஆசிகளுடன்,
மாமியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். உங்கள் மாமனார் போன பிறகு வீடு, தண்ணீர், மின் இணைப்பு எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றியது உங்களுக்குத் தெரியும். மின்சாரம் போவதற்கு மூன்று நாள் முன்பு, திங்களன்று, பெட்டியைத் துடைத்துவிட்டு உள்ளேயும் பார்த்தேன். ஃபோல்டரின் உரிமையாளர் 'பிராக்ஸி' என்றிருந்தது. அப்படி ஒருவர் நம் குடும்பத்தில் இல்லை. அவசரத்துக்கென்று நீங்கள் வைத்துப்போன பாஸ்வேர்டைப் போட்டு அதையும் என் பெயருக்கு மாற்றியிருக்கிறேன். பாடப்பக்கங்களை வாங்கி வைத்து எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பார்ப்பவரே அவர்தான் போலிருக்கிறது. மறுபடி அவர் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் கட்டளையைத் தெரிவிக்கவும். என் மகளுக்கு இந்தக் கடிதத்தைப் படிக்க அனுமதி இல்லை.