சம்பந்தி சாப்பிட்ட பச்சைப் பொட்டலம்

ஜியாயி
ஆறாம் சந்திர மாதம், புழுக்கம் தாங்காத ஒரு செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஹோங் தியென்சாய் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற லியாவ் வென்ஃபூ பணிவோடு எழுதுவது. தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை யீசுங்கும், தங்கள் குளத்துப் பால்மீன்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று மாட்சு அம்மனிடம் நாங்கள் வேண்டாத நாளில்லை. ஐஸ் பெட்டியில் தாங்கள் அனுப்பிய மீன் பத்திரமாக வந்து சேர்ந்தது. என் மனைவி அதைப் போட்டுக் கஞ்சி வைத்தாள். ஒரு முள் என் தொண்டையில் மாட்டிக்கொண்டு அரை நாள் படாத பாடு படுத்தியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மீன் என்றால் முள் இருக்கும், கல்லூரி என்றால் முதல்வர் இருப்பார்.

முதல்வர் என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எங்கள் கல்லூரியின் இணையவழிப் பாடத்தளத்தைப் பெரிய புதிய பதிப்புக்கு மாற்றப்போகிறோம் என்றும், அதற்கான ஏற்பாடுகள் முழுக்க என் தலையில்தான் என்றும் தங்களிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் முதல்வர் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு பீரோவைக்கூட நகர்த்தமாட்டார். நல்ல காரியம் எதுவும் ஆகாத பேய் மாதம் பிறப்பதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று அவர் நாள் பார்த்தார். தாங்களும் பேய் மாதத்துக்கு முன்பே கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று நாள் பார்த்தீர்கள். இரண்டு பெரியவர்கள் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? 'வீடு மாற, கடை திறக்க, மணம் முடிக்க உகந்தது' என்று போட்டிருந்த அதே சனிக்கிழமை இருவர் கண்ணிலும் பட்டுவிட்டது. என் மகள் பெய்யூவுக்குக் கல்யாணம், பாடத்தளத்துக்குப் புதிய பதிப்பு, இரண்டும் ஒரே காலைப் பொழுதில். செய்தியைக் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உங்க ஆளுங்ககிட்ட வேலையை விட்டுட்டு வரவேண்டியதுதானே" என்று தாங்கள் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. அப்படித்தான் நானும் இருந்தேன். தாங்கள் அன்றைக்கு எங்கள் அலுவலகத்துக்கு வரும்வரைக்கும்.

தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விருந்துச் சமையல்காரரைப் பார்த்துவிட்டு வேகாத வெயிலில் தாங்கள் வந்தீர்கள். எங்கள் கட்டிடத்திலேயே குளுகுளுவென்று இருப்பது சர்வர் அறைதான் என்று தங்களை அங்கே உட்கார வைத்தது நான். தேநீர் வரத் தாமதமானதும் என் பக்கத்துத் தவறு. அங்கே ஒரு கறுப்பு இயந்திரத்தின் தலைமேல் தேங்காய்ப்பால் மணக்கும் பொரிப் பண்டம் ஒன்று பச்சைப் பொட்டலத்தில் இருந்தது. சர்வர் அறைகளில் அது எதற்கு இருக்கிறது என்று நம் ஊர்க் கணினிக்காரர்களில் அறியாதவர் இல்லை. பண்டத்தின் பெயருக்கே 'சமர்த்து' என்று பொருள் என்பதால், இயந்திரம் முரண்டு பிடிக்காமல் சமர்த்தாக ஓடுவதற்கு நாங்கள் வைக்கும் காணிக்கை அது. பச்சை நிறம்தான் ஆகும், மஞ்சள் ஆகாது, காலாவதி தேதி தாண்டக் கூடாது, பிரிக்கக் கூடாது. ஆனால் மீன் குளத்தில் இந்த வழக்கம் இல்லை. விருந்தாளிக்கு வைத்த பண்டம் என்று தாங்கள் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை.

பிழை எங்கே என்றால், கடைசித் துகளைத் தாங்கள் உள்ளங்கையில் கொட்டித் தட்டிக்கொண்டிருந்த அதே நொடியில் முதல்வர் கதவைத் திறந்ததுதான். தாங்கள் எழுந்து குனிந்து வணங்கினீர்கள். அவரும் சிரித்த முகமாக வணங்கினார். ஆனால் தங்கள் மீசையில் இருந்த பொரித் தூளை விட்டு அவர் பார்வை கடைசிவரை நகரவே இல்லை. விஷயம் தெரிந்ததும் தாங்கள் எதிர்க்கடைக்கு ஓடிப்போய் அதே பச்சைப் பொட்டலத்தை வாங்கிவந்து, இரண்டு கைகளாலும் இயந்திரத்தின் மேல் வைத்து, கும்பிட்டு, மன்னிப்பும் கேட்டீர்கள். இந்தப் பண்பு யாருக்கு வரும் என்று நான் என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். "பண்பு இருக்கட்டுங்க, பசியோட வந்த மனுஷனுக்கு ஒரு டீ குடுக்கத் துப்பில்லையே உங்களுக்கு" என்றாள்.

மறுநாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "லியாவ், காணிக்கையையே சாப்பிட்டாச்சு. இனிமே என்ன நடக்குமோ சொல்ல முடியாது. அந்தச் சனிக்கிழமை நீங்க மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கணும். யாரையும் உள்ளே விடாதீங்க. சொந்தக்காரங்களை முக்கியமா விடாதீங்க" என்றார். கல்யாணம் என்று வாயைத் திறந்தேன். "யாருக்கு?" என்றார். என் பெண்ணுக்கு என்றேன். "நல்ல நாள்தான் பார்த்திருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் பட்ட அவஸ்தையை எழுதினால் தங்கள் குளம் நிரம்பும். எல்லா ஆசிரியர்களும் தத்தம் பாடங்களுக்கு ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள் என்று சுற்றறிக்கை விட்டேன். பத்திரமான இடம் எது என்று யோசித்து, எல்லோரும் அந்த நகலை அதே பாடத்தளத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வீடு மாறப்போகிறோம், சாமான்களைக் கட்டுங்கள் என்றால், கட்டி அதே வீட்டுக் கூடத்தில் அடுக்கியதுபோல் ஆயிற்று. இடம் போதாமல் தளம் மூச்சுத் திணறியது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் ஷாவ்லிங்குக்குக் கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்துவிட்டது. எங்களிடம் இரட்டைப் பிள்ளைகள்போல் இரண்டு இயந்திரங்கள் உண்டு. ஒன்றில் மாணவர்கள் படிக்கிறார்கள், மற்றதில் நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம். ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் எப்போதோ உரிந்து போனதால், பொட்டலம் இருப்பது நிஜம், இல்லாதது ஒத்திகை என்பது எங்கள் கணக்கு. ஷாவ்லிங் ஒத்திகை இயந்திரத்தில் புதிய பதிப்பை ஏற்றிப் பார்த்தாள். "வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு சார்" என்றாள். அன்று பிற்பகல் இடி இடித்த நேரத்தில் நிஜத் தளம் சிறிது நேரம் நின்றுபோனது. மின்சாரத்துறையை நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாகத் திட்டினோம்.

இதற்கிடையில் கணக்கியல் பேராசிரியர் பெங், புதிய பதிப்பே வேண்டாம் என்று கையெழுத்து வேட்டையில் இறங்கிவிட்டார். நேற்று என் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். "லியாவ், இப்ப இருக்கிறதுக்கு என்ன குறைச்சல்? ரெண்டு வாரமா எவ்வளவு வேகமா திறக்குது! எழுத்தெல்லாம் எவ்வளவு பளிச்சுனு இருக்கு! இதைப் போய் மாத்துறேங்கிறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?" என்றார். எனக்கே கொஞ்சம் உறுத்தியது. உண்மைதான் சம்பந்தி, கொஞ்ச நாளாக அந்தப் பழைய தளம், விடைபெறப் போகிறோம் என்று தெரிந்ததாலோ என்னவோ, என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பெய்யூ என்னோடு பேசுவதை நிறுத்தி, அம்மா வழியாகப் பேசுகிறாள். "அப்பாவைக் கேளும்மா, அந்த மெஷினுக்கே மாலையைப் போட்டு அனுப்பி வைக்கப்போறாரான்னு. என் முகத்திரையைச் சித்தப்பா இறக்கிவிடட்டும்" என்றாள். சம்பந்தி, தாங்கள் இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றவர். பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவள் முகத்திரையை இறக்கிவிடுவது பெற்றவர்கள் கை. அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து நான் காத்திருந்தது அந்த ஒரு வேலைக்குத்தான் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது. சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டு அழுதேன். வெங்காயம் நறுக்காமலே அழுததால் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

ஆகவே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். கல்யாணத்தைப் பேய் மாதம் கழித்து, நிலாப் பண்டிகைக்குப் பிறகு ஒரு நல்ல நாளுக்குத் தள்ளிவைக்க முடியுமா? பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் சொல்லியாகிவிட்டது, அழைப்போடு கல்யாணக் கேக் பெட்டிகள் ஊரெல்லாம் போய்விட்டன, ஒவ்வொரு வீட்டுக்கும் தாங்கள் மறுபடி ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்கும் தகுதியும் எனக்கில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தை, வந்து, அந்தப் பொட்டலத்தை நான் குத்திக்காட்டவே இல்லை என்பதைத் தாங்கள் இந்தக் கடிதத்தில் கவனித்திருப்பீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு என் ஆசியையும், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நமஸ்காரங்களையும் சேர்ப்பிக்கவும். தங்கள் குளத்தில் நீர் வற்றாமலும், மீன் குறையாமலும், தங்கள் மனம் என்மேல் கோணாமலும் இருக்கவேண்டும் என்று வேண்டும்,

தங்கள் கீழ்ப்படிந்த சம்பந்தி,
லியாவ் வென்ஃபூ

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும். உறையை ஒட்டப்போன நேரத்தில் ஷாவ்லிங் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சார், ஒண்ணு சொல்லுவேன், திட்டக்கூடாது" என்றாள். ஒத்திகைத் தளத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒருமுறை பழகலாம் என்று போனவள், அழிக்கும் முன் எதற்கும் பார்ப்போம் என்று மாணவர்களின் தளத்தில் பக்கத்தின் அடியைப் பார்த்திருக்கிறாள். அங்கே புதிய பதிப்பின் எண் நிற்கிறது! பொட்டலம் வைத்த இயந்திரத்தில் பழைய பதிப்பு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. தாங்கள் இரண்டு கைகளாலும் பயபக்தியோடு வைத்தீர்களே சம்பந்தி, அது பக்கத்து இயந்திரத்தின் மேல்! பொட்டலம் இல்லாத நிஜ இயந்திரத்தை ஒத்திகை என்று நினைத்து ஷாவ்லிங் இரண்டு வாரத்துக்கு முன்பே காரியத்தை முடித்துவிட்டாள். ஒரு மதிப்பெண்கூடத் தொலையவில்லை. பேராசிரியர் பெங் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பது புதிய பதிப்பைத்தான். அவரிடம் இதைச் சொல்லும் பாக்கியத்தை என் வயதான காலத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

முதல்வரிடம் காதும் காதும் வைத்தாற்போல் சொன்னேன். பஞ்சாங்கத்தை எடுத்து ஒருமுறை புரட்டினார். பிறகு, நாள் பார்த்தது பார்த்ததாகவே இருக்கட்டும், அந்தச் சனிக்கிழமை ஷாவ்லிங் எதிலும் இணைக்காத ஒரு பட்டனை எல்லோர் முன்னிலையிலும் அழுத்தட்டும், நீங்கள் போய் உங்கள் பெண்ணின் திரையை இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பெய்யூ இப்போது என்னோடு நேராகவே பேசுகிறாள். நான் எந்தச் சட்டை போடவேண்டும் என்பதில் ஆரம்பித்து இன்னும் நிறுத்தவில்லை. எனவே கல்யாணம் அதே நாளில், அதே பந்தலில். முதல்வர் தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்: பாடத்தளத்துக்கு அடுத்த பெரிய பதிப்பு வரும்போது தாங்கள் அவசியம் எங்கள் சர்வர் அறைக்கு எழுந்தருள வேண்டுமாம், பசியோடு.